ஆயிரத்தொன்றில் பாதி

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து நான் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஆடித்தபசுத் திருவிழாவில் கோயிலை ஆயிரத்தொரு சுற்று சுற்றுவதாக என் மனைவி அம்மனிடம் நேர்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள். கணக்கு வாத்தியாராகவே காலம் தள்ளியவனுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். அது என்ன ஆயிரத்தொன்று?

“ஆயிரத்தோட நிறுத்தினா என்னட்டி?”

“மொட்டையாவா நிறுத்த? மொய்யே ஒண்ணு சேத்துத்தான வைக்கோம்.”

ஒன்றுதானே என்று அவள் நினைக்கிறாள். ஆயிரம் சாதுவான எண். இரண்டு, நான்கு, ஐந்து, எட்டு எல்லாவற்றாலும் வகுபடும். ஒன்றைக் கூட்டியதும் அவற்றில் ஒன்றுகூடச் செல்லாது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று மூன்று முரட்டுப் பகா எண்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். எந்த மூன்றிலக்க எண்ணையும் அடுத்தடுத்து இரண்டு முறை எழுதினால், 347347 என்று வையுங்கள், அது ஆயிரத்தொன்றால் மீதியின்றி வகுபடும். வகுப்பில் இதை வித்தை போலக் காட்டியிருக்கிறேன். அதே எண் என் வீட்டுக்குள் வந்தபோது எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

கொடியேற்றத்திலிருந்து தபசு வரை பதினொரு நாள், நாளுக்குத் தொண்ணூற்றொன்று என்று பிரித்துக் கொடுத்தேன். டப்பாவில் ஆயிரத்தொரு புளியங்கொட்டை. சுற்றுக்கு ஒன்றாக எடுத்துப் பைக்குள் போடுவாள். ஆறாம் நாள், ஐந்நூறாவது சுற்றில் முழங்கால் வீங்கிப் பிரகாரத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். முடிக்காவிட்டால் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அழுதாள். எனக்கோ அவள் கால் போய்விடுமோ என்று பயம்.

“மீதிய நான் சுத்துதேன். டாக்டரே நடக்கத்தான சொல்லிருக்காரு.”

“நேந்தது நான்லா?” கொஞ்சம் யோசித்தாள். “சரி, ஆளுக்குப் பாதி.”

பாதி கிடையாது என்றேன். ஐந்நூற்றரைச் சுற்று எப்படிச் சுற்றுவது? அவள் கொட்டை டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஐந்து நாளும் நாளுக்கு நூறு, காலையும் மாலையுமாக, நின்று நின்று நடந்தேன். அவள் தூணடியில் டப்பாவோடு இருந்தாள். எனக்குச் சாமி நம்பிக்கை அரைகுறைதான். என் உயிருக்கு நேர்ந்த சுற்றை நானே சுற்றினால் செல்லுமா, செல்லாதா? அவளிடம் கேட்கப் பயந்தேன்.

தபசன்று மாலை டப்பாவில் ஒரே ஒரு கொட்டை மிஞ்சியது. அவள் எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தில் முண்டியடித்து இரண்டு பேருமாக நடந்தோம். பாதி வழியில் எனக்குக் குழப்பம். அவள் கணக்கில் இப்போது ஐந்நூற்றொன்று, என் கணக்கிலும் ஐந்நூற்றொன்று. கூட்டினால் ஒன்று கூடுகிறதே.

“ஏட்டி, இது ஒரு சுத்தா, ரெண்டா?”

“பேசாம வாங்க. மூச்சு வாங்குது பாருங்க.”

தூணடிக்கு வந்ததும் அவள் டப்பாவைத் தொடவில்லை. என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். துடிப்பது தெரிந்த பிறகுதான் அந்தக் கடைசிக் கொட்டையை எடுத்துப் பைக்குள் போட்டாள்.