திரும்பும் தேதி போடாத டிக்கெட்

பினாங்கு விமான நிலையத்தில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அதனால்தான் தங்கையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லை என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். திருப்பி அனுப்பியது உண்மை. மீதியை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தங்கை யாழ்ப்பாணத்தில் இருந்தாள். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, இனி வைத்தியம் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அவளுடைய மகள் பினாங்கு கெலுகோரில் இருக்கும் என்னை வாட்ஸ்அப்பில் அழைத்தாள்.

"மாமா, அம்மா உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறா. வாறதெண்டால் கெதியா வாங்கோ. பிந்தினால் சரிவராது."

வருகிறேன் என்றேன். மனைவி உடனே பெட்டியை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கிக்கொண்டே, "திரும்புற டிக்கெட் இப்ப எடுக்காதீங்க. படுத்துக் கெடக்கிறவங்களப் பாக்கப் போறப்ப நாள் குறிச்சிட்டுப் போகக் கூடாது" என்றாள்.

எங்கள் குடும்பங்களில் இது பழைய வழக்கம். சாகக் கிடப்பவரைப் பார்க்கப் போகிறவன் திரும்பும் நாளைச் சொல்வதில்லை. சொன்னால், அந்த நாளுக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று நினைத்ததாக ஆகிவிடும். நான் இதையெல்லாம் நம்புகிறவன் அல்ல. ஆங்கிலப் பள்ளியில் படித்தவன். அரசாங்க அலுவலகத்தில் விதிமுறைகளைப் படித்துப் பிறருக்கு விளக்கியே ஓய்வு பெற்றவன். மனைவியின் நல்ல நேரத்தையும் கெட்ட நேரத்தையும் கல்யாணமான நாளிலிருந்து கேலி செய்து வந்தவன். அன்று மட்டும், "நீ சொல்றதும் நியாயந்தான்" என்றேன்.

அவள் அடுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏங்க, ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?"

விசாவுக்கு நானே கணினியில் விண்ணப்பித்தேன். சுற்றுலா விசாவில் வருகிறவர் ஊர் திரும்பவோ வேறு நாட்டுக்குப் போகவோ டிக்கெட் வைத்திருக்க வேண்டும் என்று அங்கேயே போட்டிருந்தது. படித்தேன். புரிந்தது. தெரியாமல் போனேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டியதில்லை.

லிட்டில் இந்தியாவில் டிக்கெட் கடை வைத்திருக்கும் பெண்மணியும் சொன்னார். "அங்கிள், ஒன் வே மட்டும் போட்டா கவுண்டர்ல புடிச்சிக்குவான் லா. ரிட்டர்ன் ஒண்ணு போட்டுடறேன், தேதிய எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம்."

"வேணாம்மா. அங்க போய் பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம்னு போறவங்கதான் ஏர்போர்ட்ல நின்னுக்கிட்டு எனக்குப் போன் போட்டுத் திட்டுறாங்க."

தங்கை சாகக் கிடக்கிறாள், நாள் குறிக்கக் கூடாது என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. அதற்கு மேல் பேசாமல் கொழும்புவரை ஒரு வழி டிக்கெட் அடித்துக் கொடுத்தார். அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிரில் யாராலும் வாயைத் திறக்க முடியாது என்பதை நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண்ணும் தமிழ்ப் பெண்தான். கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு, "அங்கிள், திரும்பி வர டிக்கெட் காட்டுங்க" என்றாள். இல்லை என்றேன்.

"இல்லாம போர்டிங் பாஸ் போட முடியாது அங்கிள். அங்க எறக்கி விட்டா திருப்பி அனுப்பிடுவாங்க. ஒண்ணும் அவசரமில்ல, இப்படி ஓரமா உக்காந்து போன்ல ஒண்ணு வாங்கிடுங்க. கவுண்டர் மூடுற வரைக்கும் நான் பாக்கறேன்."

எனக்குப் பின்னால் நின்ற ஒரு மனிதர், மாக் மண்டினில் பட்டறை வைத்திருப்பதாகச் சொன்னவர், தன் போனை எடுத்துவிட்டார். "கொடுங்க அங்கிள், நான் போட்டுத் தரேன். சும்மா பேருக்கு ஒரு டிக்கெட் லா. போய்ச் சேந்ததும் கேன்சல் பண்ணிடுங்க. எந்தத் தேதி போடட்டும்?"

இரண்டு பேரும் எனக்கு வழியைத் திறந்து வைத்துவிட்டார்கள். தேதியைச் சொன்னால் போதும். நான் கத்தினேன்.

"என் தங்கச்சி எப்ப சாவான்னு நான் தேதி சொல்லணுமா?"

அந்த மனிதர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கவுண்டர் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "சாரி அங்கிள், சாரி" என்று மட்டும் சொல்லிக் கடவுச்சீட்டை இரண்டு கையாலும் நீட்டினாள்.

பெட்டியை இழுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அப்போது எனக்கு இருந்தது துக்கம் அல்ல, கோபமும் அல்ல. நிம்மதி. ஒரு கோப்பி வாங்கி, ரொட்டியைத் தொட்டுத் தின்றேன். ருசியாக இருந்தது. அந்த ருசி இன்னும் நினைவில் இருக்கிறது.

அவளை யாழ்ப்பாணத்தில் கொண்டுபோய் விட்டவனே நான்தான். பினாங்கில் பிறந்து வளர்ந்தவள், பசாரில் மலாய்க்காரிகளோடு பேரம் பேசிச் சிரித்தவள். மாப்பிள்ளை அங்கே உத்தியோகத்தில் இருந்தார். அப்பாவுக்கு உடம்பு முடியாததால் கப்பலில் நான் கூடப் போனேன். எனக்குப் போகவர டிக்கெட். அவளுக்குப் போக மட்டும். "அண்ணே, பிடிக்கலன்னா?" என்று தளத்தில் நின்று கேட்டாள். "ஒரு வார்த்தை எழுது, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அந்த வருடம் முடிவதற்குள் எழுதினாள். எனக்கு அப்போது பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். தங்கை வாழாமல் வந்துவிட்டாள் என்றால் சம்பந்தம் கெடும். கொஞ்சம் பொறு, பழகிவிடும் என்று பதில் எழுதினேன். அவள் மறுபடி கேட்கவே இல்லை.

பிறகு போர் வந்தது, போகாததற்கு அதைக் காரணம் சொன்னேன். போர் முடிந்ததும் முழங்காலைச் சொன்னேன். போனில் பேசும்போது அவள் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பாள், மழையைப் பற்றிக் கேட்பாள். ஏன் கூட்டிப்போக வரவில்லை என்று சாகும் முன் நேரில் வைத்துக் கேட்டுவிடுவாளோ என்றுதான் பயந்தேன்.

விமான நிலையத்தில் விடவில்லை என்று தங்கை மகளான மருமகளிடம் சொன்னதும், "என்ன மனிசர் மாமா இவங்கள்! ரிக்கெற் ஒண்டைப் போட்டுக்கொண்டு நாளைக்கே வாங்கோ" என்றாள். வருகிறேன் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். அதற்கடுத்த நாள் தங்கையே பேச வேண்டும் என்றாளாம். பேச்சு முழுக்க யாழ்ப்பாணமாகிவிட்டிருந்தது. 'அண்ணே' மட்டும் பினாங்கில் கூப்பிட்டது போலவே இருந்தது.

"அண்ணே, திரும்புற ரிக்கெற் இல்லையெண்டு உங்களை விடேல்லையாமே?"

"ஆமாம்மா."

"என்னட்டை அந்தக் காலத்தில ஒருத்தரும் அதைக் கேக்கேல்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கோபம் இல்லை, கேலிதான். சிரிப்பு இருமலாகி, மகள் போனை வாங்கிக்கொண்டாள். நான் பயந்தது வந்துவிட்டது, அதுவும் இவ்வளவு லேசாக வந்துவிட்டது. அன்றே டிக்கெட் கடைக்குப் போனேன். கேட்ட உடனே திரும்புவதற்கு ஒரு தேதியைச் சொன்னேன். புறப்படுவதற்கு முந்தைய நாள் அவள் இறந்துவிட்டாள்.

அந்த டிக்கெட்டை மாற்றி, முப்பத்தோராம் நாள் காரியத்துக்குப் போனேன். பந்தலில் சொந்தக்காரர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து ஆறுதல் சொன்னார்கள். மருமகள் தேத்தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி, "அந்தக் கவுண்டரில இருந்த பெட்டை கொஞ்சம் இரங்கியிருந்தாளெண்டால் மாமா அம்மாவை உயிரோட பாத்திருப்பார்" என்றாள். ஒரு கிழவர், "அவளும் ஒரு தமிழ்ப் பிள்ளையாம், பார்" என்று காறித் துப்பினார். அந்தப் பெண் இரங்கினாள், கவுண்டர் மூடும்வரை காத்திருக்கிறேன் என்றாள் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஓம்" என்று அவர்கள் பேச்சிலேயே ஆமோதித்துவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தேன்.