பன்னிரண்டு டன்

ஆரம்பாக்கத்தில் ரயிலேறும்போதே பிரின்சிக்கு இன்றைய வேலையை நினைத்துப் பயம் வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறாள். ஆறு வருஷத்தில் ஒரு கீறல் இல்லை. போன மாதம் அவள் தூக்கிய கம்பிக்கட்டு ஆடித் தூணில் இடித்தது. யாருக்கும் அடியில்லை. சங்கிலி ஒரு பக்கம் தளர்ந்திருப்பதுபோல் அன்றைக்குத் தூக்கும்போதே அவளுக்குப் பட்டது. வெறும் பிரமை என்று விட்டுவிட்டாள். அதிலிருந்து எதைத் தூக்கினாலும் தளர்வாகவே தெரிந்தது.

இன்று பன்னிரண்டு டன் மோட்டார். அதை உட்கார வைக்கும்வரை ஆலை ஓடாது. கீழே சூப்பர்வைசர் குப்புராஜ் போனும் கையுமாக அலைந்துகொண்டிருந்தார்.

பிரின்சி ஏணியேறி மேலே கேபினில் உட்கார்ந்தாள். உள்ளங்கை வேர்த்தது. சுடிதாரில் துடைத்தாள், மறுபடி வேர்த்தது. கீழிருந்து சைகை காட்டும் சாலமோன் கையை உயர்த்தினார். மோட்டார் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பியது. இடப்பக்கம் சாய்கிறதா? பயமா, நிஜமா? அவளால் பிரித்தறிய முடியவில்லை.

இறக்கிவிட்டாள்.

வாக்கிடாக்கியில் குப்புராஜ் கேட்டார்: "இன்னாம்மா, ஏன் எறக்கின?"

"சங்கிலிய இன்னொரு தபா பாக்கச் சொல்லுங்க சார்."

"காலையிலயே பாத்தாச்சு. பயந்துகினு இருந்தா சொல்லு, வேற ஆள ஏத்துறேன்."

இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது.

"பயமாத்தான் இருக்குது சார். பாத்துட்டா தூக்கிடுவேன்."

சாலமோன் யாரையும் கேட்காமல் குனிந்து சங்கிலியின் நாலு கொக்கியையும் இழுத்துப் பார்த்துவிட்டு, மேலே பார்த்துக் கத்தினார். "எல்லாம் டைட்டா கீது பிரின்சி. நீ தூக்கு."

தப்பு ஒன்றுமில்லை. அத்தனை பேர் முன்னால் அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தேகத்துக்கு இனிப் பிடித்துத் தொங்க எதுவும் இல்லை. அவள் சாலமோனின் கையை மட்டும் பார்த்தாள். மோட்டார் எழும்பியது, நகர்ந்தது, லேசாக ஆடியது. ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்தாள். குப்புராஜ் வாட்சைப் பார்ப்பது தெரிந்தது. பார்க்கட்டும்.

பதினோரு மணிக்கு மோட்டார் தன் இடத்தில் இறங்கி உட்கார்ந்தது.

டீ நேரத்தில் கீழே இறங்கியவளிடம் குப்புராஜ் வந்தார். "நாளைக்கு இன்னொரு மோட்டார் வருது. நீதான் ஏறணும்."

"சரி சார்."

அவர் நகர்ந்த பிறகு அவள் ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாலமோன் கொண்டுவந்து கொடுத்த டீயில் பாதி கையிலேயே சிந்தியது. மீதியைக் குடித்தாள்.