ஒரு வாளிக் குளத்துத் தண்ணீர்

பாசி மணக்கும் குளத்துத் தண்ணீரை வாளியில் மொண்டு, மருத மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று, என் தலையில் நானே ஊற்றிக்கொண்டேன். பதினாலு வயதில் செய்த அந்தக் காரியத்தை முப்பத்தைந்து வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

பல்லேபொலவுக்கு அப்பாலிருந்த அந்தக் குளத்தில், மாவுச்சாக்குத் துணியில் பாய் தைத்துப் பலகைப் படகு ஓட்டியவர் ஓவசியர் ஐயா. வடக்கே கடற்கரையில் பிறந்து, நீர்ப்பாசன மேற்பார்வை வேலைக்கு மாத்தளைக்கு வந்து, பென்ஷன் எடுத்த பிறகும் ஊர் திரும்பாதவர். விடுமுறை நாட்களில் அவரிடம் படகோட்டப் பழகப் போனேன். மிளகுக் கடை வைத்திருந்த வாப்பா, "கடலே இல்லாத ஊர்ல கப்பல் ஓட்டி யாருக்குக் காட்டப் போற?" என்று கேட்டார். அப்படியும் போனேன்.

படகைத் தனியே எடுக்க ஆசைப்படுகிறவர் முதலில் அதை வேண்டுமென்றே கவிழ்த்து, தண்ணீரில் விழுந்து, தானே நிமிர்த்தவேண்டும் என்பது ஐயாவின் சட்டம். "கவுத்துப்போட்டு வா தம்பி, பிறகு கதைப்பம்" என்பார். எனக்கோ பயம். அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து வாளியைத் தலையில் கவிழ்த்துவிட்டு, படகையே கவிழ்த்ததாகச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, ஏறு" என்றார்.

ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து இறங்கிய காற்று, கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போவதற்குள் என்னைக் கவிழ்த்தது. பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டு குளத்தில் பாதியைக் குடித்தேன். மேலே இழுத்த கை ஐயாவுடையது. சட்டையில்லாமல் வெறும் மேலோடு எப்படி அவ்வளவு சீக்கிரம் நீந்தி வந்தார் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. இழுத்ததில் அவருடைய வலத் தோள் விலகியது. மருந்துப் பத்துப் போட்டும் சரிவரவில்லை. பாய்க் கயிற்றை அவர் மறுபடி பிடிக்கவேயில்லை.

கேட்டவர்களிடம் "காத்து மாறிட்டுது" என்று மட்டும் சொன்னார். பிறகு கரையில் கதிரை போட்டு உட்கார்ந்து, இடக் கையால் குடையை உயர்த்தியும் சாய்த்தும், புதிதாக வந்த எத்தனையோ பேருக்குக் காற்றைக் காட்டிக்கொடுத்தார். அந்தக் குடை உயரும்போதெல்லாம் எனக்கு வாளி ஞாபகம் வரும்.

இந்த வருடம் ஐயா போய்விட்டார். முப்பத்தோராம் நாள் சடங்கன்று, அவரிடம் பழகியவர்கள் ஏழெட்டுப் படகுகளோடு வந்து, ஒவ்வொருவராகக் கவிழ்த்து நிமிர்த்தினார்கள். தொப்பையோடு நானும் கவிழ்த்தேன். நிமிர்த்த மூன்று தடவை பிடித்தது. குளத்தில் தண்ணீர் இருந்தது, காற்றும் இருந்தது. கதிரை கிடந்த இடத்தில் புல் முளைத்திருந்தது.

நனைந்த கோலத்திலேயே அவருடைய மகளிடம் போய், வாளியில் தொடங்கித் தோள் வரை எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் ஒரு துவாயை நீட்டினார்.

"அது அப்பாவுக்கு அண்டைக்கே தெரியும் அண்ணா. நீங்க மட்டும்தான் நனைஞ்சிருந்தீங்க, படகின்ர பாய் காஞ்சு கிடந்ததாம். அதுதான் நீங்க படகில ஏறேக்கையே சட்டையைக் கழட்டிப்போட்டுக் கரையில நிண்டவர்."