பெப்பர்கார்னில் மக்காச்சோளம் இல்லை

ஏலக்காய் வாசம் துணியில் ஏறினால் துவைத்தாலும் போகாது... கம்பத்தில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த கமிஷன் கடை முழுக்க அந்த வாசம்தான்.

முதலாளி கோம்பைக்காரர். அதுவரை உள்ளூரிலும் கேரளாவிலும்தான் ஏலக்காய், மிளகு வியாபாரம். அந்த வருடம்தான் வெளிநாட்டிலிருந்து முதல் ஆர்டர் வந்தது. மெயிலில் ‘பிளாக் பெப்பர்கார்ன்’ என்று இருந்ததை வாசித்துச் சொன்னேன்.

"பெப்பர்னா மெளகு, சரி. அதென்னம்மா கார்னு?"

எனக்கும் தெரியவில்லை. அவரே முடிவு கட்டிவிட்டார்.

"பாப்கார்ன் திங்கிறதில்லையா? மக்காச்சோளம்தான். ரெண்டையும் கலந்து கேக்குறாக போல."

மறுநாள் காலையில் கடமலைக்குண்டிலிருந்து சோள மூட்டைகள் வந்து இறங்கின. குடோனில் தார்ப்பாய் விரித்து மிளகைக் கொட்டிவிட்டார்கள். தப்பாகப் போனால் முதல் ஆர்டரே கடைசி ஆர்டர்...

வாசலுக்கு ஓடி, மதுரையில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த என் தங்கச்சிக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, கலக்க விட்றாத! அந்தக் காலத்து இங்கிலீசுல தானியமோ மத்ததோ, எந்தச் சின்ன மணியும் கார்ன்தான். அது ஜெர்மானிய வழிச் சொல்லு. பெப்பர் லத்தீன்ல இருந்து வந்தது. ரெண்டும் ஒட்டித்தான் பெப்பர்கார்ன். முழு மெளகு கேக்குறாக, அம்புட்டுத்தான்."

"நெசமாவா?"

"லத்தீனுக்கே அந்தப் பேரு நம்ம நாட்டுல இருந்துதான் போச்சு. நம்ம திப்பிலி இருக்குல்ல... அதுக்கு வடமொழில பிப்பலி. அந்தப் பேருதான் கடல் தாண்டிப் போயி மெளகுக்கும் ஒட்டி பெப்பராயிருச்சு."

உள்ளே ஓடினேன். ஒருவர் சோள மூட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நிப்பாட்டுங்க!"

தங்கச்சி சொன்னதை மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். முதலாளி அப்படியே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஆத்தாடி... தப்பிச்சோம்! நம்ம திப்பிலி அங்கன போயி கோட்டு சூட்டு மாட்டிக்கிட்டு வந்துருக்கு. நமக்கே அடையாளம் தெரியலயே!"

சோளம் கோழிப்பண்ணைக்குப் போனது. மிளகு கப்பலேறியது. அடுத்த ஆர்டரும் வந்தது.

இப்போது எந்தச் சொல்லில் சந்தேகம் வந்தாலும் கைபேசியே நொடியில் அர்த்தம் சொல்லிவிடுகிறது. நிம்மதிதான்... ஆனால் வேலை நேரத்தில் தங்கச்சியைக் கூப்பிட இருந்த ஒரு காரணமும் போய்விட்டது.