ஏகாம்பரம் சார் இல்லாத வாய்தா

அன்று நான் சாட்சி சொல்ல வேண்டிய நாள். தொழிலாளர் நீதிமன்ற வராந்தாவில் அம்மாவோடு நின்றிருந்தேன். எங்கள் வக்கீல் ஏகாம்பரம் சார் இன்னும் வரவில்லை. அவருடைய ஜூனியர் நிர்மலா அக்கா மட்டும் படியேறி வந்து, "சார் போயிட்டாரும்மா. விடியக்காலைல. நெஞ்சுவலி" என்றார்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "அப்போ இன்னிக்கு கேஸ் இல்லையா?" என்று கேட்டார். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. உள்ளே சாருக்கு அஞ்சலியாக நீதிபதி எழுந்து நின்றார். எல்லோரும் மௌனமாக நின்றோம். வழக்கைத் தள்ளி வைத்தார்கள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது. அடுத்த வாய்தாவுக்கும் அவர் வரமாட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது.

நம் மர்பி டவுனில், இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். பகலில் ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டி, மாலைக் கல்லூரியில் சட்டம் படித்தவர். மாநகராட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்று முதல் முறை டெபாசிட் இழந்தவர். அப்போது அவருக்குக் கிடைத்த சின்னம் தையல் மிஷின். வீட்டுக்கு ஒரு மிஷின் தரப்போகிறார் என்று நம் தெருப் பெண்கள் நம்பிவிட்டார்கள். அவர் தோற்ற பிறகும் வாசலில் வந்து நின்றார்களாம். "சார், மிஷின் எப்போ?" "நானே கிழிஞ்சு போய் நிக்கிறேன். மொதல்ல என்னைத் தையுங்கம்மா" என்றாராம். அடுத்த முறை அந்தப் பெண்கள்தான் அவரை ஜெயிக்க வைத்தார்கள்.

அவர் கவுன்சிலராக இருந்தபோது, கால்வாயோர வீடுகளை இடித்துக் கடை கட்டும் தீர்மானம் ஒன்று வந்தது. எதிர்த்தால் தொலைத்துவிடுவோம் என்று ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். சார் பக்கத்து வீட்டுக் கக்கூஸில் ஒளிந்துகொண்டார். இதை அவரே ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். "கக்கூஸ்ல ஒளிஞ்ச கவுன்சிலர் நான் ஒருத்தன்தான்!" எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருப்பார். "ஒளிஞ்சேன்தான். ஆனா காலைல போய் எதிர்த்துக் கையைத் தூக்கிட்டேன்ல?" தீர்மானம் தோற்றது. அடுத்த தேர்தலில் அவரும் தோற்றார்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். பிறகு, அம்மா வேலை செய்யும் பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் ஹெல்பராகச் சேர்ந்தேன். ஒரு நாள் அயர்ன் செக்‌ஷனில் தீப்பிடித்தது. புகைக்குள் பின்பக்கப் படிக்கட்டுக்கு ஓடிப்போய்க் கதவை இழுத்தது நான்தான். எனக்குப் பின்னால் வந்த நம் தெரு சரசு அக்கா ஜன்னல் வழியே குதித்தார். இன்றுவரை அவர் எழுந்து நடக்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது, அந்தப் பெண் பயத்தில் குதித்துவிட்டாள் என்று சொல்லி நஷ்டஈடு தர மறுக்கிறது கம்பெனி. அங்கே வேலை செய்பவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அம்மா இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்.

சாட்சிக்கு முந்தைய வாரம் சார் தன் முன்னறையில் என்னை நிற்கவைத்தார். கோட்டை மாட்டிக்கொண்டு கம்பெனி வக்கீலாக மாறிவிட்டார்.

"ஸ்கூலை விட்டு ஓடுனவதானே நீ? அந்தப் புகையில உனக்கு எந்தக் கதவு தெரிஞ்சுது? சரசு காசு தர்றேன்னாளா?"

மேசையைத் தட்டினார். நான் அழுதேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? ஜோரா, சத்தமா சொல்லு!"

"பாவம் சார், சின்னப் பொண்ணு" என்றார் நிர்மலா அக்கா.

"அந்தாளு பாவம் பார்ப்பானா?"

நான் சொல்லி முடிக்கும்வரை விடவில்லை. பிறகு கோட்டைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். "கேஸ் ஜெயிக்கிறது என் தலைவலி. கதவு எப்படி இருந்துச்சுன்னு சொல்றது மட்டும்தான் உன் வேலை" என்றார்.

சார் இறந்த பிறகு கம்பெனி மேனேஜர் அம்மாவைக் கூப்பிட்டு, "உன் பொண்ணு கோர்ட்டுக்குப் போறாளா? யோசிச்சுக்கோ" என்றாராம். அன்று அம்மா சாப்பிடவில்லை. "இனி நமக்கு யாருடி இருக்கா?" என்றார். வாசலில் பைக் நின்றாலே உள்ளே ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறேன். சரசு அக்கா வீட்டைத் தலைகுனிந்து தாண்டினேன். படுக்கையிலிருந்தபடியே, "சாப்ட்டியாடி?" என்றார்.

நேற்று அம்மா, கோர்ட்டுக்குப் போட வைத்திருந்த என் சுடிதாரைத் துவைத்துக் காயப்போட்டார். காய்ந்ததும் நான் எடுத்து மடித்து வைத்தேன்.

சார் அன்பாகப் பேசியதை நீங்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். நான் வைத்திருப்பது அவர் என்னை மிரட்டிய குரலை. இனி யார் கத்தினாலும் அந்தச் சத்தத்துக்கு ஈடாகாது. ஆனாலும் பயம் போகவில்லை. இந்த அஞ்சலிக் கூட்டத்தில் இதைப் படிக்க எனக்கு வாய் வராது என்று நிர்மலா அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். கடைசி வரியை மட்டும் நானே எழுந்து சொல்கிறேன்.

பின்பக்கக் கதவு பூட்டியிருந்தது.