பத்துப் பேர் படித்த ஒரு நாளிதழ்

மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன் நான். கிள்ளானில் லோரி ஓட்டுவது, அம்பாங்கில் மூட்டை தூக்குவது என்று அலைந்துவிட்டு, முப்பது வயதில் பிரிக்பீல்ட்ஸில் ஊடகப் படிப்பில் சேர்ந்தேன். முதல் ஆய்வில் தேறாவிட்டால் வெளியே போகவேண்டும் என்பது நிபந்தனை. ஆய்வை இணையத்தில் நாட்குறிப்பாகவும் எழுதவேண்டும். தொண்ணூறுகளின் கடைசி அது. சைபர் கஃபேயில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினேன்.

ஒரு கடையில் தமிழ் நாளிதழ் எத்தனை வாங்கப்படுகிறது என்பது என் தலைப்பு. காலையில் நான் தோசை சாப்பிடும் கடையில் தமிழ் நாளிதழ் படிப்பவர்களை ஒரு வாரம் எண்ணினேன். தினமும் பத்துப் பேர். அங்கே பத்து நாளிதழ் வாங்கப்படுகிறது என்று எழுதிவிட்டேன். ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கையில், அச்சிட்ட பக்கத்தைக் கடைக்கார அக்காவிடம் காட்டினேன்.

"பத்தா? நான் ஒண்ணுதான் வாங்குறேன். அதைத் தாள் தாளாப் பிரிச்சு மேசைக்கு மேசை கொடுக்குறேன். தெனமும் இங்கதான் சாப்பிடுற, கண்ணு எங்க இருந்துச்சு தம்பி?"

"போச்சுக்கா, நான் ஃபெயில்."

"சும்மா உக்காருலா. எந்தத் தாளு எங்க போவுதுன்னு சொல்றேன், எழுதிக்க."

பந்து விளையாட்டுப் பக்கம் டாக்சிக்காரர்களுக்கு, ராசிபலன் தையல்கடை ஆன்டிக்கு. மரண அறிவிப்புப் பக்கம் மட்டும் எல்லா மேசைக்கும் போகுமாம். மாவு ஊற்றிக்கொண்டே அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

பழைய பதிவை அழிக்கவில்லை. அதன் கீழே என் தவற்றையும் அக்கா சொன்னதையும் சேர்த்தேன். விரிவுரையாளர் தேர்ச்சி கொடுத்தார். அக்கா அன்று சிரித்துவிட்டு மட்டும் போயிருந்தால், அந்த வாரமே நான் படிப்பை விட்டிருப்பேன்.