வாசலுக்கு எதிரே ஒரு கம்பம்

முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் அடுக்ககத்தின் எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தை ஒழித்தவன் நான்தான். இனி என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் தெரியுமா? நகரத்தின் கரிப்புகையைக் குறைக்க நகராட்சிகளுக்கு யோசனை சொல்லும் வேலை. 'காரை விடுங்கள், பேருந்தில் ஏறுங்கள்' என்று மேடையேறிப் பேசிச் சம்பளம் வாங்குகிறவன்!

அந்த நிறுத்தம் செய்த குற்றம் ஒன்றுதான். அதன் இரும்புக் கம்பம் எங்கள் வாசலுக்கு நேர் எதிரே நின்றது. வாஸ்துப்படி ஆகாதாம்... வீடு விலை போகாதாம்... குடியிருப்போர் சங்கமே முகம் சுளித்தது. நான் செயலாளர். எனக்கு வாஸ்துவில் துளியும் நம்பிக்கை கிடையாது. பிறகு ஏன் தெரிந்த அதிகாரியிடம் போய்ப் பல்லை இளித்தேன்? நல்ல பெயர் வாங்கத்தான்!

நிறுத்தத்தை வளைவு தாண்டி முட்புதர் ஓரமாகத் தள்ளி வைத்தார்கள். இருட்டினால் பெண்கள் அங்கே நிற்கப் பயந்தார்கள். ஏற ஆளில்லை என்று பேருந்தையே நிறுத்திவிட்டார்கள். இப்போது தெரு முழுக்க ஸ்கூட்டரும் காரும். அந்தப் புகையைத்தான் நான் ஏ.சி. அறையில் உட்கார்ந்து கணக்கிடுகிறேன். மானங்கெட்ட பிழைப்பு!

நீங்கள் மட்டும் யோக்கியமா? உங்கள் வாசலில் பேருந்து வந்து நிற்கச் சம்மதிப்பீர்களா?

பின்தெருவில் இருக்கிற அமுதா அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலை பார்த்தவள். பேருந்து நின்றபின் ஷேர் ஆட்டோ மாறி மாறிப் போனாள். தினமும் தாமதம். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

போன வாரம் வாசலில் என்னைப் பார்த்துவிட்டு அருகே வந்தாள்.

"சார், நீங்க பஸ்ஸப் பத்தி மீட்டிங்ல எல்லாம் பேசுவீங்களாமே. எங்க பஸ்ஸ எவன் நிறுத்துனான்னே தெர்ல சார். திரும்ப வுடச் சொல்லுங்க. கம்பெனில மறுபடி கூப்ட்டுகினுதான் கீறாங்க. போறதுக்குத்தான் வண்டி இல்ல."

"சொல்றேம்மா" என்றேன். கொஞ்சமும் கூசாமல் சொன்னேன்.

யாரிடம் சொல்வது? 'நீங்கள்தானே எடுக்கச் சொன்னீர்கள்' என்று அந்த அதிகாரி கேட்டால்? ஊருக்கே தெரிந்துவிட்டால்? இந்தப் பயத்தில்தான் நாள் ஓடுகிறது. என்மேல் எனக்கே ஆத்திரமாக வருகிறது... ஆனாலும் அந்த அதிகாரியிடம் போகவில்லை.

நேற்று என் மனைவி சொன்னாள். சார் பேசிவிட்டார், பஸ் வந்துவிடும் என்று அமுதா கம்பெனி சூப்பர்வைசரிடம் தன் இடத்தைப் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறாளாம்.

நான் இன்னும் யாரிடமும் வாய் திறக்கவில்லை.